அரைப்பேர்

தபாலில் வந்த வேதபாடத் தாளில்
மூன்றே கேள்வி:
எழுதியவர் யார், யாருக்காக, என்ன நோக்கம்.
கேள்விக்குப் பத்து மார்க்.
வெள்ளிக்குள் ஹட்டனுக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஐந்து சுருளில் நாலாவது அது,
ஆட்களை எண்ணிக்கொண்டே நடக்கிற சுருள்.
பிள்ளைக்காம்பிராவில் பதினொரு தொட்டிலும் ஆடி ஓய்ந்தபின்
ஜன்னல் பலகையில் தாளை வைத்து எழுதுகிறேன்.

எழுதியவர்.
மோசே என்று போட்டால் முழு மார்க், தெரியும்.
ஆனால் அவனைப்போல் சாதுவான மனுசன் இல்லையென்று
உள்ளே ஓர் இடம் சொல்கிறது.
சாதுவானவன் தன்னைப்பற்றி அப்படி எழுதுவானா?
பிரிவு ஆபீசைக் கூட்டிப் பெருக்கிய காலத்தில்
பழைய செக்ரோல்களைப் புரட்டியிருக்கிறேன்.
ஜனவரியில் சாய்ந்த எழுத்து, மார்ச்சில் குண்டெழுத்து.
கணக்கப்பிள்ளை மாற்றலாகிப் போனதை மை சொல்லும்,
அட்டையில் மட்டும் ஒரே துரை.
இந்தச் சுருளிலும் மை மாறுகிறது.
ஒரு கை வெள்ளித்தட்டுகளைப்
பன்னிரண்டு தரமும் சலிக்காமல் எழுதுகிறது.
இன்னொரு கை கழுதையைப் பேசவைத்துவிட்டுச்
சும்மா இருந்துவிடுகிறது.
பலர் என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடியும் எழுதினேன்.

யாருக்காக.
கிளம்பியவர்களுக்கு அல்ல.
அவர்களை வழியிலேயே புதைத்துவிட்டுத்தான் சுருள் மேலே போகிறது.
வழியில் பிறந்தவர்களுக்கு.
பிறகு, வேறு தேசத்து ஆற்றங்கரையில் பிடித்துவைக்கப்பட்ட
அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் என்கிறது பாடக்குறிப்பு.
மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்தவர்களில்
எங்கள் ஆட்கள் எத்தனை பேர் விழுந்தார்கள்?
எண்ணி எழுத யாருக்கும் மை செலவாகவில்லை.
இதை விடைத்தாளில் எழுதவில்லை.

நோக்கம்.
இங்கே பேனா நின்றது.
எண்ணப்படுவது எங்களுக்குப் புதிதா?
விடிந்தால் பிரட்டு.
தலை எண்ணித்தான் மலைக்கு அனுப்புவார்கள்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
காய்ச்சலோடு போன நாளில் அக்கா புனிதமலருக்கு அரைப்பேர்.
அந்தச் சுருளில் பெண்ணுக்கு அதுவும் இல்லை.
இருபது வயது தாண்டிய ஆண்கள், ஆறு லட்சத்துச் சொச்சம்.
அவர்களுக்குச் சோறாக்கியவர்கள் எந்தக் கூட்டலிலும் வரவில்லை.

பிறகு, இரண்டாவது எண்ணிக்கை முடிந்த கையோடு,
ஐந்து அக்காதங்கைகள் வருகிறார்கள்,
ஆண்பிள்ளை இல்லாமல் செத்தவனின் மக்கள்.
கூடார வாசலில், அத்தனை பெரியவர்களுக்கும் முன்னால்
காணி கேட்கிறார்கள்.
அப்போதுதான் எனக்கு விளங்கியது,
அந்தப் பிரட்டு காணி பிரிக்க வைத்த பிரட்டு.
பேருக்கும் பேர்ச்சுக்கும் நடுவில் ஓர் எழுத்துத்தான்,
இங்கே அதைத் தாண்ட
இருநூறு வருசம் போதவில்லை.

போன செவ்வாய் ஏழு பேர்ச் பட்டியல் ஒட்டினார்கள்.
எங்கள் காம்பிராவுக்கு நேரே அப்பாவின் பேர்,
அதன்மேல் ஒரு கோடு.
அக்கா, நான், தங்கை ஜெசிந்தா
ஆபீஸ் வாசலில் மழையோடு நின்றோம்.
அக்கா கூடையை இறக்கவில்லை.
"வீட்டுல ஆம்பள யாரும் இல்லியா?"
"இல்லீங்க. அதுக்குத்தான் வந்தோம்."
கிளாக்கர் தேவசகாயம் எங்களைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்,
காதில் செருகியிருந்ததை எடுத்து
ஓரத்தில் மூன்று பேரையும் எழுதினார்.
பென்சில்.

அந்த ஐந்து பேரின் பேரையும்
சுருள் ஒன்றுவிடாமல் சொல்கிறது.
எந்தக் கை எழுதியது?
தட்டெண்ணிய கையா, கழுதைக்காரன் கையா?
காணியும் கிடைத்தது.
ஆனால் கடைசிப் பக்கத்தில் சித்தப்பன் வகையறா திரும்பி வந்து,
இந்தப் பெண்கள் யாரைக் கட்டலாம் என்று
நிபந்தனை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.
சுருள் அத்தோடு முடிகிறது.

நாலாவது தொட்டில் சிணுங்குகிறது.
மூன்றாம் கேள்விக்கு
இன்னும் அரைப்பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது.